திருடாத வாத்துக்கு இருபது நாள்

மாத்தேய் ஹோலூபெக்கை அவர்கள் பிடித்தது மருந்துக்கடை வாசலில், ஜூலை மாதத்து முதல் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. அவன் கையில் ஒரு ஜாடி வினிகரும் ஒரு டப்பா களிம்பும் ஒரு சுருள் கட்டுத்துணியும் இருந்தன. மூன்றையும் கீழே வைக்கச் சொன்னார்கள். ஜாடியை வைக்கக் குனிந்தபோது பின்னாலிருந்து ஒருவன் முதுகில் துப்பாக்கியை அழுத்தினான். ஜாடி உடைந்துவிடக் கூடாதே என்பதுதான் அந்த நேரத்தில் மாத்தேய்க்கு இருந்த கவலை.

சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிறவன் வீட்டில் உப்பு இல்லாமல் இருக்கலாம், வினிகர் இல்லாமல் இருக்காது. வேலை முடிந்து கையை அதில் முக்கி எடுத்தால்தான் காந்தல் அடங்கும். வெறும் தண்ணீர் பட்டால் இன்னும் பற்றிக்கொள்ளும். மருந்துக்கடை முதலாளி ஹாசல்பர்க்குக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஆனால் அந்த வாரம் அவர் இடுப்பு பிடித்துப் படுத்திருந்தார். கடையில் நின்றது மில்வாக்கியிலிருந்து வந்த அவருடைய மருமகன். அவன் கண்டது பத்து விரல் நுனியும் வெந்து வழுக்கிப்போன ஒரு ஆளை. இடது புருவத்தில் ஒரு வெட்டு. கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நோட்டீசிலும் இடது புருவத்தில் ஒரு வெட்டு. பையன் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, முதல் தடவை வந்தபோதே டெலிபோனை எடுத்துவிட்டான். இது இரண்டாவது தடவை. காத்திருந்து பிடித்தார்கள்.

நோட்டீசில் இருந்தவன் பெயர் ஸ்ட்ரேக். நாலு மாநிலத்தில் பதினோரு வங்கியைக் கொள்ளையடித்தவன். கடைசி வங்கி வாசலில் அரசாங்க ஆள் ஒருவனைச் சுட்டுவிட்டு பிப்ரவரியில் மறைந்தவன். ஸ்ட்ரேக் என்பது அவனாக வைத்துக்கொண்ட பெயர். பிறந்தது பென்சில்வேனியா நிலக்கரிக் குழியோரத்தில், ஸ்லோவாக் குடும்பத்தில். சிகாகோவில் ஒரு டாக்டருக்குக் காசு கொடுத்து மூக்கை மாற்றிக்கொண்டான், விரல் நுனிகளை அமிலத்தால் எரித்துக்கொண்டான் என்று கேள்வி. தலைக்கு விலை ஐயாயிரம் டாலர்.

மாத்தேயும் ஸ்லோவாக். ஓஹையோவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த காளவாய் பிப்ரவரிக் கடைசியில் அணைந்துபோயிற்று. வீடு கட்ட யாருக்கும் வக்கில்லாத காலத்தில் சுண்ணாம்பை யார் வாங்குவான்? மார்ச் மாதம் மனைவி ஸுசானாவுடன் இந்த விஸ்கான்சின் பக்கம் வந்து இங்கத்தக் காளவாயில் சேர்ந்தான். ஸ்ட்ரேக் மறைந்தது பிப்ரவரி, இவன் வந்தது மார்ச். ஊரில் அவனை அதற்கு முன்னால் தெரிந்தவன், கூட வேலை பார்த்துக் கூடவே வந்த ஃபெர்கோ ஒருவன்தான். ஃபெர்கோவின் சாட்சியை ஃபெர்கோவின் மனைவியே நம்ப மாட்டாள்.

வாஷிங்டனிலிருந்து வந்த அரசாங்க ஆட்கள் இரண்டு பேர். ஷெரீஃப் ராடெமாக்கரின் அறையில், ஷெரீஃப்பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவன் டாரண்ட். ஐம்பது வயது, தாடையில் சதை, எதையோ மென்றுகொண்டே பேசினான். பிப்ரவரியில் செத்த ஆள் இவனோடு ஒரே காரில் போனவன். இன்னொருவன் ஃபென்விக், ஒல்லியானவன், சட்டம் படித்துவிட்டு நேராக இந்த வேலைக்கு வந்தவன். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. ஷெரீஃப் தன் அறையிலேயே சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"பேரு?" என்றான் டாரண்ட்.

"மாத்தேய் ஹோலூபெக்."

"அது மார்ச் மாசத்துப் பேரு. அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் அதேதான் ஐயா. எங்கம்மா ஒண்ணுதான் வச்சா."

ஃபென்விக் ஒரு கண்ணாடிப் பலகையில் மையை உருளையால் தேய்த்தான். "விரலைத் தளர்த்தி விடுங்க. நீங்க அழுத்தாதீங்க, நானே உருட்டறேன்" என்றான். பல் பிடுங்குகிறவன் பேசுவது போல மெதுவாகப் பேசினான். ஒவ்வொரு விரலாக உருட்டி அட்டையில் பதித்தான். பத்தும் முடிந்ததும் குனிந்து பார்த்தான். அட்டையில் பத்துக் கறுப்பு முட்டைகள் இருந்தன. கோடு ஒன்றுகூட இல்லை. சுண்டுவிரலில் மட்டும் ஓரத்தில் ஏதோ கீறல் மாதிரி.

டாரண்ட் அட்டையை வாங்கிப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"டாக்டர் யாரு?"

"எந்த டாக்டரு?"

"நீ போன டாக்டர்."

"பல்லுக்குப் போனேன், ஈஸ்டருக்கு முன்னாடி. அவரு பேரு…"

டாரண்ட் மேஜையில் ஓங்கி அடித்தான். மை உருளை உருண்டு கீழே விழுந்தது. மாத்தேய் குனிந்து எடுத்துக் கொடுத்தான். விழுந்ததை எடுத்துக் கொடுத்தே பழகிய கை.

பிறகு அவன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னான். காளவாயின் அடிவாயிலிருந்து சுண்ணாம்பை இழுத்துத் தள்ளுவார்கள். அதில் வெந்த கல்லும் இருக்கும், வேகாத கல்லும் இருக்கும். "பாக்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும் ஐயா. கையில எடுத்தாத்தான் கனம் தெரியும். வெந்தது லேசு, வேகாதது கனம். கையுறை போட்டா விரலுக்கு அது புரியாது. அதனால வெறுங்கையால பொறுக்கறது. எங்க எல்லாருக்குமே விரல் இப்படித்தான்."

"நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கான்" என்றான் டாரண்ட்.

ஸுசானா அழுதுகொண்டே கொண்டுவந்து கொடுத்த தாளை ஃபென்விக் படித்தான். குடியுரிமைக்கு மாத்தேய் முதலில் எழுதிக்கொடுத்த விண்ணப்பம், ஏழு வருடத்துக்கு முந்தையது, படம் ஒட்டாதது. அடுத்த விசாரணை அக்டோபரில். "இது யார் பேர்ல வேணும்னாலும் வாங்கலாம், எவன்கிட்டேர்ந்து வேணும்னாலும் பிடுங்கலாம்" என்று டாரண்ட் அதை மேஜைமேல் போட்டான். சாயங்காலம் ஆறேகால் ரயிலில் சிகாகோ. அங்கே அந்த டாக்டரின் நர்ஸ் இருக்கிறாள், அவள் ஆளை அடையாளம் காட்டுவாள் என்று முடிவாயிற்று. ரயிலில் டாரண்ட் கூடப் போவான். ஃபென்விக் இங்கேயே இருந்து மாத்தேயின் வீட்டைச் சோதனை போடுவான்.

பத்தரை மணிக்கு ஃபெர்கோ வந்து சேர்ந்தான். தலையிலிருந்து பூட்ஸ் வரை வெள்ளைத் தூள். நேரே டாரண்டின் முகத்துக்கு முன்னால் பத்து விரலையும் விரித்துக் காட்டினான்.

"பாருங்க. எனக்கும் ஒண்ணும் இல்ல. என்னையும் பிடிங்க. மேஸ்திரி டோலனையும் பிடிங்க. மொத்தக் காளவாயையும் பிடிச்சிட்டுப் போங்க, நாங்களும் சிகாகோ பாத்ததில்ல."

"உன் பேரு என்ன?" என்று டாரண்ட் எழுந்தான். "அவன் கும்பல்ல அஞ்சு பேர். ரெண்டு பேரைத்தான் இதுவரைக்கும் தெரியும்."

ஷெரீஃப் ஃபெர்கோவின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். அதற்குள் பக்கத்துக் கொட்டடியில் அடைபட்டிருந்த மாத்தேய்க்கு எல்லாம் காதில் விழுந்தது.

பகல் பன்னிரண்டுக்கு வாஷிங்டன் ஆட்கள் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனார்கள். ஷெரீஃப் கொட்டடிக்கு முன்னால் வந்து நின்றார். கூடவே ஃபெர்கோ, கையில் சாப்பாட்டு வாளியுடன்.

"இதைக் கேளு" என்றார் ஷெரீஃப். "போன மாசம் அயோவாவுல ஒருத்தனை இந்த மாதிரிதான் ரயில்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. எஞ்சின் தண்ணி பிடிக்க நின்ன இடத்துல ஓடப் பாத்தானாம். முதுகுல நாலு குண்டு. கால்ல விலங்கு போட்டவன் எவ்வளவு தூரம் ஓடுவான்னு நான் கேட்டேன். அதுக்குப் பதில் வரல."

வாளியிலிருந்து ரொட்டியை எடுத்த மாத்தேய் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"நீ ஸ்ட்ரேக்கா இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் ஷெரீஃப். "இல்லைன்னா, உன்னை ஒப்படைச்ச தாள்ல கையெழுத்து என்னோடது. அது எனக்குப் பிடிக்கல. என் நாற்காலியில உக்காந்ததும் பிடிக்கல."

ஃபெர்கோ கம்பியருகே முகத்தை வைத்தான். "டேய், ஓஹையோவுல எனக்குக் கால் உடைஞ்சுது ஞாபகம் இருக்கா? ரெண்டு மாசம் படுத்திருந்தேன்."

"இப்ப அதுக்கு என்ன?"

"மூணாவது வாரம் பாக்கறேன், விரல்ல கோடு கோடா முளைச்சிருக்கு. பாதிரியார் கை மாதிரி. ரேகை எங்கேயும் போறதில்லடா. கீழே இருக்கு. சும்மா விட்டா மேல வருது. உனக்கு மூணு வாரம் சும்மா உக்காரக் கிடைச்சா போதும், அந்த ஒல்லிப்பய மறுபடியும் மை தடவுவான், நீ அவன் இல்லைன்னு தெரிஞ்சு போயிடும்."

"ரயில் ஆறேகாலுக்கு."

"அதான். ரயிலுக்கு முன்னாடி இந்த ஊர்ச் சட்டம் உன்னைப் பிடிச்சு உள்ள வைக்கணும்."

ஷெரீஃப் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த ஜில்லாவுல தண்டனை வாங்கினவன் அதை முடிச்சாத்தான் வேற எவன் கையிலும் கொடுக்கலாம். சின்னத் திருட்டுக்கு இருபது நாள் வரைக்கும் ஊர் நீதிபதி எல்மரே போடலாம். நான் இங்க இல்ல, இதைச் சொல்லவும் இல்ல."

மாத்தேய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் என்ன திருடினேன்?"

"என் வாத்தை" என்றான் ஃபெர்கோ.

"உன்கிட்ட ஏதுடா வாத்து?"

"அதான் நீ திருடிட்டியே."

ஷெரீஃப் இருமினார். மாத்தேய் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் வேலைக்கு வந்தவன். பசித்த வருடங்களில் பிறர் தோட்டத்து ஆப்பிள் வழியில் விழுந்து கிடந்தாலும் தாண்டிப் போனவன். அவனிடம் இருந்த சொத்து அந்த ஒன்றுதான்.

"அக்டோபர்ல விசாரணை இருக்கு" என்றான். "நல்லொழுக்கம் உண்டான்னு கேப்பாங்க. திருடன்னு எழுதியிருந்தா?"

"திரும்ப அஞ்சு வருஷம் காத்திருக்கணும்" என்றார் ஷெரீஃப். "இல்ல, வாங்காமலே போகலாம். அதை நான் மறைக்க மாட்டேன்."

"செத்தவனுக்கு எந்த நாட்டுக் குடியுரிமைடா வேணும்?" என்றான் ஃபெர்கோ. "யோசிச்சு வை. நான் போய் எல்மர்கிட்ட அழுதுட்டு வரேன்."

எல்மர் ஷூல்ட்ஸ் ஊருக்கு முடி வெட்டுகிறவர். அவரே ஊரின் சின்ன நீதிபதியும். கடைச் சுவரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நியமனத் தாள் சட்டம் போட்டுத் தொங்கும். இரண்டு மணிக்கு ஷெரீஃப் மாத்தேயை விலங்கோடு கூட்டிக்கொண்டு போனபோது நாற்காலியில் தானிய மண்டிக்காரர் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. எல்மர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, வெள்ளை மேலங்கியைக் கழற்றிக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான், கோர்ட் கூடிவிட்டது.

"பிராது கொடுத்தவர்?"

"நான்தான் ஐயா, ஃபெர்கோ ஹுடாக். என் வாத்து. வெள்ளை வாத்து. பேரு மரீஷ்கா."

"பேரெல்லாம் வேண்டாம்."

"பிள்ளை மாதிரி வளத்தேன் ஐயா. வியாழக்கிழமை இவன் வேலியைத் தாண்டி வந்து கழுத்தைத் திருகிட்டான். என் கண்ணால பாத்தேன்."

கதவு தடால் என்று திறந்தது. டாரண்ட் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான், பின்னால் ஃபென்விக். அவர்களுக்குப் பின்னால் யாரோ சொல்லி ஓடிவந்த ஸுசானா.

"என்ன கூத்து இது? இவன் என் கைதி."

"இப்ப கோர்ட் நடக்குது" என்றார் எல்மர். "தொப்பியை எடுங்க." பிறகு மாத்தேய் பக்கம் திரும்பினார். "ஹோலூபெக், வாத்தை எடுத்தியா, இல்லையா? எழுதிட்டா எழுதினதுதான். பின்னால வந்து அழி, திருத்துன்னா என்னால ஆகாது. யோசிச்சுச் சொல்லு."

மாத்தேய் யோசித்தான். நேரம் ஓடியது. நாற்காலியில் இருந்தவர் கன்னத்தில் நுரை காய்ந்து உரிந்தது. 'இல்லை' என்று சொன்னால் அது சத்தியம். சத்தியத்தோடு ஆறேகால் ரயிலில் ஏறலாம். ஸுசானா கதவருகே நின்று ஃபெர்கோவைப் பார்த்தாள், ஷெரீஃப்பைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் இருபது வருடம் குடித்தனம் நடத்தியவள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள்:

"அடப் பாவி மனுஷா! வாத்தைத் திருடித் தின்னுட்டு எனக்கு ஒரு கால்கூடக் கொண்டு வரலையே!"

மாத்தேய் தலையைக் குனிந்துகொண்டான். "எடுத்தேன்" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு அவன் காது வரை சிவந்தது. பொய் சொல்லிப் பழகியவனுக்கு அப்படிச் சிவக்காது என்று எல்மருக்குத் தெரியாமல் இல்லை.

"இருபது நாள்" என்றார் எல்மர், மேஜைமேல் சீப்பால் தட்டி. பிறகு கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு அடுத்த கன்னத்துக்கு நுரை குழைத்தார்.

தெருவில் டாரண்ட் கத்திய கத்தலுக்கு எதிர்க் கடையிலிருந்தெல்லாம் ஆட்கள் வெளியே வந்தார்கள். பதினோரு வங்கி, ஒரு கொலை, அதை ஒரு வாத்து நிறுத்துவதா? ஃபென்விக் அவனைத் தனியாக அழைத்துப் போய் சட்டம் சொன்னான். அவர்கள் கையில் இருந்தது நோட்டீஸ் மட்டும்தான், பிடியாணை இல்லை. எல்மர் கையில் முத்திரை குத்திய தாள் இருந்தது. தாளை மீறி ஆளை எடுத்துப் போனால் நாளை ஸ்ட்ரேக்கின் வக்கீலே அதைப் பிடித்துக்கொள்வான்.

"இருபது நாள் எங்கேயும் போயிட மாட்டான் சார். நர்ஸை இங்கேயே வரவழைக்கலாம்."

"அவ வர மாட்டா. அவளையே நாங்க பூட்டித்தான் வச்சிருக்கோம்." டாரண்ட் மென்றதைத் துப்பினான். "இருபதாவது நாள் நானே வரேன்."

அன்றைக்கு ஆறேகால் ரயில் மாத்தேய் இல்லாமல் போயிற்று. விசில் சத்தம் கொட்டடிக்குள் கேட்டது.

சும்மா இருப்பது மாத்தேய்க்குத் தெரியாத வேலை. முதல் நாள் தூங்கினான். இரண்டாம் நாளும் தூங்கினான். மூன்றாம் நாள் எழுந்து கொட்டடியைப் பெருக்க விளக்குமாறு கேட்டான். "எதையும் தொடாதே" என்றார் ஷெரீஃப். மற்றக் கைதிகளுக்கு விறகு பிளக்கிற வேலை உண்டு. இவனுக்கு மட்டும் கிடையாது. பக்கத்துக் கொட்டடிக் குடிகாரன் கேட்டான்: "நீ என்ன, ராஜா வீட்டுப் பிள்ளையா?" "வாத்துத் திருடன்" என்றான் மாத்தேய். அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக அவனுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஸுசானா தினமும் பகலில் வருவாள். பன்றிக்கொழுப்பை உருக்கிக் கொண்டுவந்து கம்பி வழியாக விரல்களில் தேய்த்துவிடுவாள். இருபது வருடக் குடித்தனத்தில் அவள் அவன் கையை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததில்லை.

"உன் வேலையை ஃபெர்கோவும் மூணு பேரும் பங்கு போட்டுச் செய்யறாங்க" என்றாள். "டோலன் உன் பேரை அடிக்கல. வாசல்ல நாப்பது பேர் நிக்கறான், உன் இடம் எப்ப காலியாகும்னு."

"ஊர்ல என்ன பேசறாங்க?"

"பாதிப் பேர் உன்னைக் கொள்ளைக்காரங்கறான். மீதிப் பேர் வாத்துத் திருடங்கறான். கொள்ளைக்காரன் பொண்டாட்டின்னா கடையில கொஞ்சம் மரியாதை கிடைக்குது."

ஆறாவது நாள் இடது சுண்டுவிரலில் கோடு தெரிந்தது. எட்டாவது நாள் மோதிர விரலில். தலைமயிரைவிட மெல்லிய வரிகள், உழுத நிலத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல. மாத்தேய் ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவன் தன் ரேகையைப் பார்த்ததில்லை. அது எப்படி இருந்தது என்று அவனுக்கே தெரியாது. இப்போது வளர்ந்து வருவது யாருடையது? ஸ்ட்ரேக்குடையது போலவே வந்துவிட்டால்? அப்படி நடக்காது என்று அந்த ஒல்லிப்பையன் படித்த புத்தகத்தில் எழுதியிருக்கலாம். மாத்தேய் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. அதே புத்தகம்தான் ரேகை இல்லாதவன் குற்றவாளி என்றும் சொன்னது.

ஃபென்விக் நாலாம் நாள் வந்தான், ஒன்பதாம் நாள் வந்தான். இரண்டு தடவையும் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டுப் போனான். ஒன்பதாம் நாள் மட்டும், "களிம்பை நிறுத்தாதீங்க" என்றான்.

பதினாலாம் நாள் காலை டாரண்டும் கூட வந்தான். தூங்காத கண். நெப்ராஸ்காவில் ஸ்ட்ரேக் என்று ஒருவனைத் துரத்திப் போய், அவன் தையல் இயந்திரம் விற்கிறவன் என்று தெரிந்து திரும்பியிருந்தான். ஷெரீஃப் இந்தத் தடவை தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை.

ஃபென்விக் மையைத் தேய்த்தான். மாத்தேயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பத்து விரல். பத்துச் சதுரம். முட்டைகள் இருந்த இடத்தில் இப்போது சுழியும் வளையமும் வந்திருந்தன. நடுவிரல் இரண்டும் இன்னும் பாதி மொட்டையாக இருந்தன. மற்றவை போதும்.

ஃபென்விக் பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்தான். அது ஸ்ட்ரேக் பத்தொன்பது வயதில் சிறையில் கொடுத்தது, விரலை எரிப்பதற்கு முந்தையது. கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தான். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மாத்தேய் மேஜைக்கு அந்தப் பக்கம் தலைகீழாக இரண்டு அட்டையையும் பார்த்தான். அவனுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரிந்தன.

"சார்" என்றான் ஃபென்விக். "கட்டை விரல்லயே தெரியுது. அவனுக்குச் சுழி. இவருக்கு வளையம். எட்டு விரல் பாத்துட்டேன். ஒண்ணுகூட ஒத்துப்போகல. எரிச்ச தழும்பும் கிடையாது."

"தப்பா இருக்க வாய்ப்பு?"

"இல்ல சார். இது வேற ஆள்."

டாரண்ட் கண்ணாடியை வாங்கி அவனும் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அவன் பார்த்தது ரேகையை மட்டும் இல்லை என்று தோன்றியது; கூடப் போனவனைச் சுட்டவன் இன்னும் எங்கேயோ காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மாத்தேய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான், யாரும் உட்காரச் சொல்லாமலே.

ஃபென்விக் மைப்பலகையைத் துணியால் துடைத்தான். "ஒண்ணு சொல்லணும்" என்றான். "முதல் நாளே உங்க சிநேகிதர் வீட்டுக் கொல்லையைப் போய்ப் பாத்தேன். வாத்து எச்சம் இல்ல. இறகு இல்ல. தண்ணித் தொட்டி இல்ல. வேலியே இல்ல, எதைத் தாண்டினீங்கன்னு தெரியல."

ஷெரீஃப் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் சொல்லல?" என்றான் மாத்தேய்.

ஃபென்விக் உருளையையும் துடைத்து வைத்தான். "பாடத்துல, ரேகை இல்லைன்னா எரிச்சிருக்கான்னு சொல்லிக் கொடுத்தாங்க. வேலை செஞ்சா போயிடும்னு யாரும் சொல்லல. எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருந்தது."

"நான் ரயில்ல போயிருந்தா தெரிஞ்சுக்கிட்டிருக்க முடியாது."

"முடியாதுதான்."

"அந்த வாத்தை அழிச்சுக் கொடுக்க முடியுமா? எழுதினதை? அக்டோபர்ல…"

"அது ஊர்க் கோர்ட்டு. எங்க கையில இல்ல." மாத்தேயின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை மூடினான். "நான் ஒரு கடிதம் எழுதித் தரலாம். அதை அவங்க படிப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

அங்கேயே எழுதினான். ஒரு பக்கம். கையெழுத்து அழகாக இருந்தது. மாத்தேய் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஃபென்விக் போனபின் ஷெரீஃப் சாவியைக் கையில் வைத்து ஆட்டினார். "வாஷிங்டன்காரன் விட்டுட்டான். வாத்து விடல. இன்னும் ஆறு நாள் இருக்கு. நான் கண்ணை மூடிக்கலாம், நீ கிளம்பறதுன்னா."

"எல்மர் எழுதியிருக்காரே."

"எழுதியிருக்காரு."

"அப்ப இருந்துட்டே போறேன்" என்று மாத்தேய் எழுந்து தானாகவே கொட்டடிக்குள் நடந்தான். திருடன் என்று பேர் வாங்கியாயிற்று. தப்பி ஓடினவன் என்று இன்னொன்று எதற்கு?

ஆறு நாளும் இருந்தான். இருபத்தோராம் நாள் காலை ஷிஃப்டுக்கு நேரே காளவாய்க்குப் போனான். டோலன் மண்வெட்டியை நீட்டினான். வாசலில் நின்ற நாற்பது பேரும் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பாவம், ஒரு இடம் குறைந்துபோயிற்று.

அடிவாயிலிருந்து புதுச் சுண்ணாம்பு சரிந்து விழுந்தது. மாத்தேய் குனிந்து முதல் கல்லை எடுத்தான். பச்சைத் தோலில் சுண்ணாம்பு பட்டதும் முழங்கை வரை சுரீர் என்றது. கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினான்.

"என்ன பாதிரியாரே, ஆசீர்வாதமா?" என்றான் பக்கத்தில் ஃபெர்கோ. "எங்க முதுகு ஒடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. பொறுக்குடா."

மாத்தேய் மறுபடி குனிந்தான். இந்தத் தடவை ஒரு வினோதம் நடந்தது. கல்லைத் தூக்குவதற்கு முன்பே, தொட்ட மாத்திரத்தில், அது வேகாதது என்று விரலுக்குத் தெரிந்தது. தூக்கிப் பார்த்தான், கனத்தது. அடுத்ததும் அப்படியே. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு துல்லியமாக அவன் பொறுக்கியதில்லை. அந்த வாரம் முழுவதும் அவன் கையைத் தாண்டி ஒரு வேகாத கல்கூட வண்டியில் ஏறவில்லை. வலியும் அதே அளவுக்கு இருந்தது. அடுத்த வாரம் ரேகை தேயத் தேய இரண்டும் குறைந்தன.